இன்சூரன்ஸோட வேலை செய்யாத தனியார் ஆஸ்பத்திரியின்ர பில்லை எப்பிடி வாசிக்கிறது? (திருகோணமலை)

உப்புவெளிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பில் விசயம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் உதவி செய்யுங்கோ.

மகனுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை இரவு வயித்துக்குத்து, அப்பெண்டிக்ஸ் எண்டு சொல்லி ரவுனில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஒபரேஷன் செய்தது. பேர் வேண்டாம். திங்கள் காலமை வீட்டை வந்திட்டம், பிள்ளை இப்ப நல்ல சுகம். சிகிச்சையில ஒரு குறையும் சொல்ல மாட்டன்.

பிரச்சினை காசில. என்ர ஒபிசில குரூப் மெடிக்கல் பொலிசி இருக்கு. அந்தக் கார்டை கவுண்டரில காட்டினன். "நாங்கள் எந்த இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் பில் அனுப்பிறேல்ல. நீங்கள் காசைக் கட்டிட்டு அவையளிட்ட எடுங்கோ" எண்டு சொல்லிட்டினம். சரி எண்டு கட்டியாச்சு. தந்த பில் இதுதான்:

அட்மிஷன் – 1,500.00
அறை, 3 நாள் – 25,500.00
நேர்சிங், 3 நாள் – 4,500.00
தியேட்டர் – 38,000.00
தியேட்டர் பொருட்கள் – 21,340.00
மருந்து – 17,865.00
லேப் – 9,400.00
சேர்ஜன் – 60,000.00
மயக்க மருந்து டொக்டர் – 25,000.00
இதர – 6,200.00
சேர்விஸ் சார்ஜ் 10% – 14,930.50
மொத்தம் – 224,235.50

அட்மிட் பண்ணேக்க 100,000 அட்வான்ஸ். வரேக்க கார்டில 64,235.50. சேர்ஜன்ர 60,000 ஐ காசாத்தான் தரச் சொல்லி, ஒரு சின்னத் துண்டில எழுதித் தந்தவை.

இதை அப்பிடியே ஒபிசில குடுத்தால் காணுமோ? எச்.ஆர். பிள்ளை பாத்திட்டு "அண்ணை, இது திரும்பி வரும்" எண்டு சொல்லுறா. ஏன் எண்டு அவவுக்கும் விளக்கமாச் சொல்லத் தெரியேல்ல.

மூதூர்_முரளி

பெரியாஸ்பத்திரியில சும்மா செய்யிற ஒபரேஷனுக்கு ரெண்டே கால் லட்சம். காசு கூடிப் போச்சுதோ மச்சான்?

உப்புவெளிக்காரன்

முரளி, அந்த இரவில நான் எடுத்த முடிவு அது. அதைப் பற்றிக் கதைக்க வேற இழை தொடங்கு, நானும் வாறன். இங்க பில்லைப் பற்றி மட்டும் கதைப்பம்.

கணக்குக்_கவுண்டர்

நான் கொழும்பில ஒரு தனியார் ஆஸ்பத்திரியின்ர பில்லிங் பகுதியில கனகாலம் இருந்தனான். இப்ப ஓர்ஸ் ஹில்லில வீட்டோட. உப்புவெளித் தம்பி, பயப்பிட வேண்டாம். உங்கட பில் மோசமான பில் இல்லை, அரைகுறையான பில். அது வேற, இது வேற.

நேரடியா இன்சூரன்ஸுக்குப் பில் போடுற ஆஸ்பத்திரியில என்ன நடக்கும் எண்டால், நீங்கள் கட்டிலில கிடக்கேக்கயே கொம்பனியும் ஆஸ்பத்திரியும் தங்களுக்குள்ள கடிதம் எழுதிக் கொண்டிருக்கும். இது என்ன மருந்து, அது ஏன் போட்டது, இந்த வரியைப் பிரிச்சுத் தா எண்டு. அந்தச் சண்டை உங்களுக்குத் தெரியவே வராது. இந்த ஆஸ்பத்திரி அந்த வேலையை எடுக்கேல்ல. அது குற்றம் இல்லை. சின்ன ஆஸ்பத்திரிகள் கன இடத்தில அப்பிடித்தான், ஏனெண்டால் கொம்பனி காசு அனுப்ப மாசக்கணக்கில எடுக்கும், அதுவரைக்கும் இவையள் கையை விட்டுச் சம்பளம் குடுக்க வேணும். ஆனால் அந்த வேலை இல்லாமப் போகேல்ல. உங்கட தலையில வந்து விழுந்திருக்கு. இப்ப பில்லிங் கிளாக் நீங்கள்தான்.

முதலில ஒரு கேள்வி. பில்லின்ர தலைப்பில என்ன எழுதிக் கிடக்கு? எஸ்டிமேட் எண்டால் முன்கூட்டிச் சொன்ன உத்தேசம். இன்டரிம் எண்டால் இடையில எடுத்த கணக்கு. ஃபைனல் பில் எண்டு இருக்கிறதுதான் பில். இது மூண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஒரே பிரிண்டரில வாறதுதானே. கொம்பனி ஃபைனலை மட்டும்தான் எடுக்கும். அதோட பில் எண்டது நீங்கள் தர வேண்டிய காசு, ரிசீட் எண்டது நீங்கள் தந்த காசு. ரெண்டும் வேணும். ரெண்டின்ர கூட்டுத்தொகையும் ஒண்டா வர வேணும்.

உங்கட கணக்கைப் பாருங்கோ. பில் 224,235.50. ரிசீட் 100,000 உம் 64,235.50 உம். கூட்டினால் 164,235.50. மிச்ச 60,000 க்கு ஒழுங்கான ரிசீட் இல்லை. எச்.ஆர். பிள்ளை சொன்னது சரி, திரும்பி வரும்.

உப்புவெளிக்காரன்

அண்ணை, தலைப்பில வெறும் "இன்வொய்ஸ்" எண்டு இருக்கு. கீழ மூலையில சின்னனா "இன்டரிம்" எண்டும் கிடக்கு! இப்பதான் பாக்கிறன். சேர்ஜன்ர துண்டில பேரும் தொகையும் மட்டும். நம்பர் இல்லை, திகதி இல்லை, சீல் இல்லை.

கணக்குக்_கவுண்டர்

அப்ப கவுண்டரில போய் ஃபைனல் பில் கேளுங்கோ. அவை வேணுமெண்டு செய்திருக்க மாட்டினம். டிஸ்சார்ஜ் அவசரத்தில எடுத்த பிரிண்ட் அது.

சேர்ஜன்ர காசுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, ஆஸ்பத்திரி தன்ர ரிசீட் புத்தகத்தில அந்த 60,000 ஐயும் போட்டுத் தரலாம், பில்லில அந்த வரி இருக்கிறபடியால். இல்லாட்டி டொக்டர் தன்ர லெட்டர்ஹெட்டில பேர், மருத்துவ சபைப் பதிவு நம்பர், என்ன ஒபரேஷன், எந்தத் திகதி, எவ்வளவு எண்டு எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைக்க வேணும். முதல் வழி லேசு. டொக்டரைப் பிடிக்கிறது கஷ்டம், அவர் கிழமையில ரெண்டு நாள்தான் இங்க நிப்பார் எண்டு நினைக்கிறன், மற்ற நாளில வேற ஊரில.

கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும். கணக்குக் காக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் இன்னொண்டு சொல்றன், பேரைப் பாருங்க. எங்கட உம்மாட கண் ஒபரேஷன் பில் திரும்பி வந்தது பேரால. ஐடென்டி கார்டுல ஒரு மாதிரி, பொலிசியில இன்னொரு மாதிரி, ஆஸ்பத்திரியில கவுண்டர் புள்ள தான் கேட்ட மாதிரி அடிச்சிருக்கு. ஒரு எழுத்துதான் வித்தியாசம். கொம்பனி சொல்லுது இது வேற ஆளாம்! கடைசியில ஆஸ்பத்திரியில "ரெண்டு பேரும் ஒரே ஆள்" என்டு கடிதம் எடுத்துக் குடுத்தம்.

தமிழ் ஆக்களுக்கு இது இன்னும் மோசம். தகப்பன்ட பேர் முன்னுக்கா பின்னுக்கா, இனிஷியல் எத்தனை... ஒவ்வொரு கடதாசியிலயும் ஒவ்வொரு மாதிரி.

உப்புவெளிக்காரன்

நானா, பில்லில "மாஸ்டர்" எண்டு போட்டு என்ர பேரை இனிஷியலா வைச்சு மகன்ர பேர். ஒபிசில குடுத்த லிஸ்டில மகன்ர முழுப்பேர். இதையும் குறிச்சு வைக்கிறன்.

ஓர்ஸ்ஹில்_டீச்சர்

மகன் பாடசாலை மாணவன்தானே? அப்படியென்றால் சுரக்ஷா மாணவர் காப்புறுதி பற்றி அதிபரிடம் கேளுங்கள். 2017 இல் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றதற்கும் விண்ணப்பிக்கலாம். இப்போது நடைமுறையில் என்ன தொகை, எத்தனை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பதை அதிபர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் மனைவி அரச உத்தியோகத்தரா? அக்ரஹார (அரச உத்தியோகத்தர் காப்புறுதி) இருந்தால் அதுவும் உண்டு. சம்பளச் சீட்டில் மாதாமாதம் வெட்டுகிறார்கள், ஆனால் எங்கள் ஆசிரியர்களிலேயே பாதிப் பேர் ஒருநாளும் கேட்டதில்லை. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம்தான் நடத்துகிறது. விண்ணப்பத்தில் அலுவலகத் தலைவர் கையொப்பமிட வேண்டும்.

உப்புவெளிக்காரன்

டீச்சர், மனைவி வலயக் கல்வி அலுவலகத்தில வேலை. அப்ப மூண்டு இடத்திலயும் எடுக்கலாமோ?

பொலிசி_பாலன்

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட், கொம்பனி சொல்ல மாட்டன். மூண்டு இடத்திலயும் *கேக்கலாம்*. ஆனால் ஒரே ரூபாயை ரெண்டு தரம் எடுக்கேலாது. மெடிக்கல் பொலிசி எண்டது செலவழிஞ்ச காசைத் திருப்பித் தாறது, லாபம் பாக்கிறதில்லை.

இங்க ஒறிஜினல் பில்தான் சிக்கல். முதலாவது கொம்பனி ஒறிஜினலை வைச்சுக்கொள்ளும். அதால குடுக்க முந்தி எல்லாத்தையும் கொப்பி எடுங்கோ. முதலாவது கொம்பனி காசு தந்த பிறகு அவையளிட்ட ரெண்டு சாமான் கேளுங்கோ: எந்தெந்த வரிக்கு எவ்வளவு தந்தம், எவ்வளவை வெட்டினம் எண்ட செட்டில்மென்ட் கடிதம், அதோட "ஒறிஜினல் எங்களிட்ட இருக்கு" எண்டு சீல் குத்தின கொப்பி. அதைக் கொண்டுபோய் ரெண்டாவது இடத்தில வெட்டுப்பட்ட மிச்சத்துக்குக் கேக்கலாம். நாளுக்கு இவ்வளவு எண்டு தாற பொலிசி எண்டால் கதை வேற, அதுக்குப் பில்லின்ர தொகை முக்கியமில்லை, எத்தனை இரவு படுத்தீங்கள் எண்டதுதான். முரளிக்கும் ஒரு தகவல்: அரசாங்க ஆஸ்பத்திரியில படுத்தாலும் நாளுக்கு ஒரு தொகை தாற பொலிசிகள் நிறைய இருக்கு. பில் இல்லை எண்டு போட்டு ஆக்கள் கேக்கிறதே இல்லை. டயக்னோசிஸ் கார்ட் (என்ன வருத்தம், என்ன செய்தது எண்டு டொக்டர் எழுதித் தாற அட்டை) மட்டும் காணும்.

மூதூர்_முரளி

அட, போன வருசம் அப்பாவின்ர நண்பர் ஒருத்தர் பத்து நாள் கிடந்தவர். சொல்லிப் பாக்கிறன். நன்றி பாலன்.

கணக்குக்_கவுண்டர்

இப்ப சுவையான இடத்துக்கு வருவம். அந்த 10 வீதம்.

சேர்விஸ் சார்ஜ் எண்டது வரி இல்லை. ஆஸ்பத்திரி தனக்கு எடுக்கிறது. வழமையா ஆஸ்பத்திரியின்ர சொந்த வரிகளுக்குத்தான் போடுவினம், டொக்டர்மாரின்ர காசுக்கு இல்லை. ஏனெண்டால் டொக்டர் காசை ஆஸ்பத்திரி வாங்கி அவரிட்டக் குடுக்குது, அவ்வளவுதான். சரி, கூட்டுவம். அட்மிஷன், அறை, நேர்சிங், தியேட்டர், பொருட்கள், மருந்து, லேப், இதர, எல்லாம் சேர்த்து 124,305. அதில 10 வீதம் 12,430.50. பில்லில போட்டிருக்கிறது 14,930.50.

2,500 ரூபா கூட. 25,000 இன்ர 10 வீதம் எவ்வளவு?

கிண்ணியா_நானா

யா அல்லாஹ். மயக்க மருந்து டொக்டர்!

கணக்குக்_கவுண்டர்

அதேதான். சேர்ஜனை விட்டிட்டு மயக்க டொக்டருக்கு மட்டும் போட்டிருக்கு. களவு எண்டு சொல்லாதேங்கோ. கம்பியூட்டரில அந்த வரியை டொக்டர் பீஸ் எண்ட வகையில போடாமல் ஆஸ்பத்திரி வரி எண்டு ஆரோ பதிஞ்சிருக்கினம். போய் அமைதியாக் கேளுங்கோ: "பத்து வீதம் எந்தத் தொகைக்குப் போட்டது?" எண்டு. இந்த ஒரு கேள்வி காணும். குற்றம் சாட்டினால் மனேஜரைக் கூப்பிடுவினம், கேள்வி கேட்டால் கல்குலேட்டரை எடுப்பினம்.

தபால்கந்தோர்_தங்கராசா

வற் (பெறுமதி சேர் வரி) இருக்கோ? எல்லாத்துக்கும் வற் போடுறாங்களே இப்ப.

கணக்குக்_கவுண்டர்

இந்தப் பில்லில வற் வரி இல்லை அண்ணை. 2024 ஜனவரியில இருந்து வற் 18 வீதம் எண்டது தெரியும்தானே. ஆராவது பில்லில வற் எண்டு தனியாப் போட்டால், அந்தக் கடதாசியில அவையளின்ர வற் பதிவு நம்பரும் இருக்க வேணும். நம்பர் இல்லாமல் வற் எண்டால் ஏன் எண்டு கேளுங்கோ.

தம்பி, மருந்து 17,865 ஒரே வரி. தியேட்டர் பொருட்கள் 21,340 ஒரே வரி. இதுக்குப் பிரிச்ச லிஸ்ட் கட்டாயம் கேளுங்கோ. மருந்தின்ர பேர், எத்தனை, ஒண்டு எவ்வளவு. மீன்காரன் கூடையோட விலை சொன்ன மாதிரி இருந்தால் கொம்பனிக்காரன் எடுக்க மாட்டான், எந்த மீன் எத்தனை கிலோ எண்டு கேப்பான். இதர 6,200 என்ன எண்டும் கேளுங்கோ. என்ர அனுபவத்தில "இதர" எண்ட வரிதான் முதல் வெட்டுப்படும்.

வார்டில வாங்கிப் பாவிக்காமல் திருப்பின மருந்து இருந்தால் அதைக் கழிச்சிருக்கினமோ எண்டும் பாருங்கோ. மருந்துப் பெட்டியில அடிச்சிருக்கிற உச்ச சில்லறை விலையோட ஒப்பிட்டுப் பாக்கலாம். 2015 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டத்தில வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை கன மருந்துக்கு உச்ச விலை வைச்சிருக்கு. லேப் வரியிலயும் எஃப்பிசி எண்ட இரத்தப் பரிசோதனை, டெங்கு அன்டிஜென் ரெண்டுக்கும் வர்த்தமானியில உச்ச விலை இருக்கு. மற்ற டெஸ்டுகள் எல்லாத்துக்கும் இல்லை.

சாம்பல்தீவு_நியூஜேர்சி

ஊர்க்காரருக்கு வணக்கம். இங்க அமெரிக்காவில இந்த விசயத்துக்கே ஒரு கடதாசி இருக்கு, சுப்பர்பில் எண்டு சொல்லுவினம். மனநல ஆலோசகர்கள், சில பல் டொக்டர்மார், இவையள் கன பேர் இன்சூரன்ஸ் எடுக்கிறேல்ல. காசைக் கட்ட வேணும். அவை சுப்பர்பில் தருவினம், நாங்கள் கொம்பனிக்கு அனுப்ப வேணும்.

அதில என்ன இருக்கும் எண்டால், சிகிச்சை தந்தவற்ற பேர், அவற்ற 10 இலக்க என்பிஐ நம்பர், வரி நம்பர், என்ன வருத்தம் எண்டதுக்கு ஐசிடி-10 குறியீடு, என்ன செய்தது எண்டதுக்கு 5 இலக்க சிபிடி குறியீடு, திகதி, கட்டணம், கட்டின தொகை. உதாரணத்துக்கு உங்கட மகன்ர விசயம் இங்க நடந்திருந்தால் வருத்தத்துக்கு கே35 எண்டு தொடங்கும், அது கடுமையான அப்பெண்டிக்ஸ் அழற்சி. துளை போட்டுச் செய்த ஒபரேஷனுக்கு 44970, வெட்டிச் செய்ததுக்கு 44950. வருத்தக் குறியீடும் வேலைக் குறியீடும் ஒண்டுக்கொண்டு பொருந்தாட்டி உடன ரிஜெக்ட்.

இங்க இன்னொரு பொறி. நீங்கள் கட்டின காசில வீதம் தாறேல்ல. கொம்பனி தானா ஒரு "ஏற்றுக்கொண்ட தொகை" வைச்சிருக்கும். டொக்டருக்கு நான் 200 டொலர் கட்டுறன், கொம்பனி இதுக்கு 120 தான் நியாயம் எண்டு சொல்லுது, அதில 60 வீதம் தருது எண்டு வையுங்கோ, கையில 72 டொலர். அதுவும் வருசத்துக்கு இவ்வளவு உங்கட கையால செலவழிஞ்ச பிறகுதான்.

நல்ல விசயம் ஒண்டும் இருக்கு. 2022 ஜனவரி 1 இல இருந்து ஒரு சட்டம். இன்சூரன்ஸ் இல்லாத ஆளுக்கும், இன்சூரன்ஸைப் பாவிக்காமல் காசு கட்டுற ஆளுக்கும், முன்கூட்டியே எழுத்தில உத்தேசச் செலவு தர வேணும். பில் அதைவிட 400 டொலரோ கூடவோ வந்தால் 120 நாளுக்குள்ள முறையீடு செய்யலாம்.

பொலிசி_பாலன்

நியூஜேர்சி அண்ணை, இங்க குறியீடு ஒண்டும் இல்லை. அந்த இடத்தில எங்களுக்கு டயக்னோசிஸ் கார்ட்தான். டொக்டர் கையால எழுதின அந்த அட்டையில இருக்கிறதும் பில்லில இருக்கிறதும் பொருந்த வேணும். அட்டையில "அப்பெண்டிசெக்டமி" எண்டு எழுதாமல் "வயித்துவலி, கவனிப்பு" எண்டு மட்டும் எழுதியிருந்தால், தியேட்டர் 38,000 எதுக்கு எண்டு கேப்பினம். உப்புவெளி, அட்டையைப் படம் எடுத்துப் போடுங்கோ, பேரை மறைச்சிட்டு.

உப்புவெளிக்காரன்

[படம்]

எழுத்து விளங்கேல்ல எனக்கு.

ஓர்ஸ்ஹில்_டீச்சர்

எனக்கும்தான். முப்பது வருடம் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தியவள் சொல்கிறேன்.

பொலிசி_பாலன்

எனக்கு விளங்குது, தொழில்! "லப் அப்பெண்டிசெக்டமி" எண்டு இருக்கு, துளை போட்டு அப்பெண்டிக்ஸை எடுத்தது, நல்லது. ஹிஸ்டொலொஜி (வெட்டியெடுத்ததை லேபில சோதிக்கிறது) அனுப்பினது எண்டும் இருக்கு. அட்மிட் திகதி சனி, டிஸ்சார்ஜ் திங்கள். ஆனால் பிஎச்டி (பெட் ஹெட் டிக்கெட், வார்டில நோயாளிக்குப் போடுற அட்டை) நம்பர் பில்லில ஒண்டு, அட்டையில இன்னொண்டு மாதிரித் தெரியுது. கடைசி இலக்கம் பாருங்கோ, 7 ஆ 1 ஆ?

அறையை 3 நாள் எண்டு போட்டிருக்கினம். சனி இரவு வந்து திங்கள் காலமை போனால் ரெண்டு இரவுதான்.

கணக்குக்_கவுண்டர்

பாலன், அதுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சட்டம் வேற. சில இடத்தில 24 மணித்தியாலம். சில இடத்தில மத்தியானம் 12 மணி. சில இடத்தில நாட்காட்டி நாள், இரவு பதினொண்டரைக்கு வந்தாலும் அது ஒரு நாள். அட்மிஷன் படிவத்தின்ர பின்பக்கத்தில எழுதியிருக்கும், தம்பி கையெழுத்து வைச்ச அதே படிவம். அதில நாட்காட்டி எண்டு இருந்தால் ஒண்டும் செய்யேலாது. எனக்கு அந்த முறை பிடிக்காது, இருபது வருசத்துக்கு முந்தி நானே அதுக்காக மனேஜரோட வாக்குவாதப்பட்டனான். அவர் வெண்டார்.

கொம்பனியின்ர பக்கம் அறைக்கு நாள் உச்சம் இருக்கும். உங்கட பொலிசியில எவ்வளவு?

உப்புவெளிக்காரன்

நாளுக்கு 7,500. ஒரு தரத்துக்கு மொத்தம் 250,000. நான் இருந்த அறை 8,500.

பிஎச்டி நம்பர் 7 தான், பில்லில 1 எண்டு அடிச்சுப் போட்டினம். நாளைக்குக் காலமை போறன். அவை "தரமாட்டம்" எண்டு சொன்னால் என்ன செய்யிறது? நான் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை.

கணக்குக்_கவுண்டர்

வாயால கேக்காமல் எழுதிக் குடுங்கோ. ரெண்டு கொப்பி, ஒண்டில அவையளின்ர கையெழுத்தும் திகதியும் வாங்குங்கோ. இப்பிடி எழுதலாம்:

"எனது மகன் (பெயர், பிஎச்டி இலக்கம்) தங்கள் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றமைக்கான இறுதிப் பட்டியலையும், மருந்துகள், சத்திரசிகிச்சைப் பொருட்கள், இதர செலவுகள் ஆகியவற்றின் விரிவான விபரத்தையும், செலுத்திய முழுத் தொகைக்குமான பற்றுச்சீட்டுகளையும் காப்புறுதிக் கோரிக்கைக்காகத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். சேவைக் கட்டணம் எத்தொகையின் மீது கணிக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்கவும்."

இது காணும். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டால் பற்றுச்சீட்டு தரத்தான் வேணும். முதல் நாளே அதைச் சொல்லி வெருட்ட வேண்டாம். கடைசி வரைக்கும் தராட்டி தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதியிற சபை ஒண்டு கொழும்பில இருக்கு, 2006 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது, தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை. அங்க எழுதலாம். அந்தளவுக்குப் போகாது.

கிண்ணியா_நானா

இன்னொரு விசயம். கார்டு மெஷின்ல வாற அந்தச் சின்ன ரிசீட், அது சூட்டுக் கடதாசி. எங்கட ஊரு வெயிலுக்கு பைக் பெட்டிக்குள்ள ரெண்டு நாள் வெச்சா வெள்ளைக் கடதாசி ஆயிரும். இண்டைக்கே போட்டோ கொப்பி அடிங்க.

உப்புவெளிக்காரன்

நானா, அச்சொட்டா பைக் பெட்டிக்குள்ளதான் கிடந்தது. ஓடிப்போய் எடுத்திட்டன், இலக்கம் தெரியுது இன்னும்.

உப்புவெளிக்காரன் (பிறகு)

போய் வந்தன். கவுண்டர் அண்ணை சொன்ன மாதிரி கல்குலேட்டரை எடுத்தவை! கணக்குப் பிள்ளை ரெண்டு தரம் தட்டிப் பாத்திட்டு உள்ள போனா. திரும்பி வந்து "சொறி அங்கிள், டொக்டர் பீஸுக்குப் போடக் கூடாது" எண்டு 2,500 ஐத் திருப்பித் தந்தவ. இப்ப ஃபைனல் பில் 221,735.50. சேர்ஜன்ர 60,000 க்கு ஆஸ்பத்திரி ரிசீட்டும் தந்தவை. பிஎச்டி நம்பரும் பேரும் திருத்தியாச்சு.

அறை 3 நாள் மாறாது. படிவத்தின்ர பின்பக்கத்தில நாட்காட்டி நாள் எண்டு எழுதிக் கிடக்கு.

மருந்து லிஸ்ட் ரெண்டு பக்கம். எனக்கு ஒரு சந்தேகம், மெட்ரொனிடசோல் ஊசி 5 போத்தல் எண்டு இருக்கு. ரெண்டு நாள்கூட முழுசா இருக்கேல்லயே, அஞ்சு கூட இல்லையோ?

நேர்ஸ்_அக்கா

வாசிச்சுக் கொண்டு மட்டும் இருந்தன், இதுக்கு எழுத வேணும் எண்டு தோணிச்சு. தம்பி, அந்த மருந்து எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடுக்கிறது. சனி இரவு 11 மணிக்கு முதல் போத்தல் எண்டால் ஞாயிறு காலமை 7, பின்னேரம் 3, இரவு 11, திங்கள் காலமை 7. அஞ்சு. சரியாத்தான் போட்டிருக்கினம். பில்லில சந்தேகம் வந்தால் வார்டில இருக்கிற மருந்துச் சார்ட்டோட நேரத்தை வைச்சு எண்ணுங்கோ. போத்தல் எண்ணிக்கையை மட்டும் வைச்சுக் கோபப்பட்டால் அந்த வார்டுப் பிள்ளையளுக்குத்தான் பேச்சு விழும்.

உப்புவெளிக்காரன்

நன்றி அக்கா. கேக்காமல் விட்டது நல்லது.

இதர 6,200 இல 3,200 எனக்கும் மனைவிக்கும் தந்த சாப்பாடு. 3,000 டிரெஸிங்.

பொலிசி_பாலன்

சாப்பாடு வெட்டுப்படும், துணைக்கு நிண்ட ஆளின்ர சாப்பாடு எந்தப் பொலிசியிலயும் லேசில வராது. டிரெஸிங் வரும், அதைத் தனி வரியாப் பிரிச்சு எடுத்தது நல்ல வேலை. பழைய பில்லோட குடுத்திருந்தால் 6,200 உம் போயிருக்கும். கிளெய்ம் படிவத்தில டொக்டர் நிரப்பிற பகுதியை வெறுமையா விட்டிடாதேங்கோ. எத்தனை நாளுக்குள்ள குடுக்க வேணும் எண்டு பொலிசியில பாத்து, அதுக்கு முந்திக் குடுங்கோ.

உப்புவெளிக்காரன் (ஒரு மாசம் கழிச்சு)

காசு வந்திட்டு. 201,605.00. வெட்டினது 20,130.50. கடிதத்தில விபரம் தந்திருக்கினம்: அட்மிஷன் 1,500, அறை நாளுக்கு 1,000 படி 3,000, சாப்பாடு 3,200, சேர்விஸ் சார்ஜ் முழுசா 12,430.50. சேர்விஸ் சார்ஜ் பொலிசியில இல்லையாம்.

கணக்குக்_கவுண்டர்

சேர்விஸ் சார்ஜை பொலிசி எழுத்தில விலக்கியிருக்கினமோ எண்டு பாருங்கோ. எழுத்தில இல்லாட்டி கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ, எந்தப் பிரிவின்படி வெட்டினீங்கள் எண்டு. பதில் திருப்தி இல்லாட்டி காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், ஆனால் முதல் கொம்பனியிட்ட கேட்டிருக்க வேணும்.

உப்புவெளிக்காரன்

பாத்தன், 4 ஆம் பக்கத்தில தெளிவா எழுதிக் கிடக்கு. விட்டிடுறன். செட்டில்மென்ட் கடிதத்தோட மனைவி அக்ரஹாரவுக்கு மிச்சத்துக்குப் போடுறா, டீச்சர். அவவின்ர பணிப்பாளர் கையெழுத்தும் வைச்சிட்டார்.

கடைசிக் கேள்வி. நேற்று ஆஸ்பத்திரியில இருந்து போன். கொழும்புக்கு அனுப்பின ஹிஸ்டொலொஜி ரிப்போர்ட் வந்திட்டுதாம், பயப்பிட ஒண்டும் இல்லை, ஆனால் 7,500 கட்டி எடுக்கட்டாம். பில்லின்ர திகதி டிஸ்சார்ஜுக்குப் பிறகு. இதைக் கேக்கலாமோ?

பொலிசி_பாலன்

கேக்கலாம். டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவு எத்தனை நாள் வரைக்கும் எண்டு பொலிசியில இருக்கும், அதுக்குள்ள வருதோ எண்டு பாருங்கோ. டயக்னோசிஸ் கார்டில "ஹிஸ்டொலொஜி அனுப்பினது" எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார்தானே, அந்த அட்டையின்ர கொப்பியை ரிப்போர்ட்டோடயும் ரிசீட்டோடயும் சேர்த்துப் பின் அடிங்கோ. புதுப் படிவம் நிரப்ப வேண்டாம், பழைய கிளெய்ம் நம்பரை மேல எழுதி "மேலதிகப் பில்" எண்டு குடுங்கோ. புதுக் கிளெய்ம் எண்டு பதிஞ்சால் திரும்ப முதலில இருந்து எல்லாம் கேப்பினம்.